வாங்கிய மரத்தை எங்கே வைத்தீர்கள்?

நிலைக்கும் கதவுக்கும் சன்னலுக்கும் வாங்கிய மரம், வாங்கிய நாளுக்கும் பொருத்திய நாளுக்கும் இடையே எங்கே கிடந்தது, எப்படிக் கிடந்தது? இன்று மாலை நான் பேசவிருப்பது அவ்வளவுதான். இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கலாம். வீட்டுச் செலவில் மரத்துக்கு எவ்வளவு போயிற்று என்று கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். கன அடி விலைக்காக மூன்று கடை ஏறி இறங்கினோம். தேக்கா, வேங்கையா, படாக்கா, மலேசிய சாலா என்று பத்துப் பேரிடம் கேட்டோம். வண்டியில் வந்து இறங்கியதும், அதே மரத்தை மணல் குவியலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் போட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

பிறகு என்ன நடக்கிறது? கார்த்திகை மாதம் கதவு சாத்த மறுக்கிறது. தாழ்ப்பாள் துளைக்கு நேராக வருவதில்லை. ஆசாரி வந்து இழைப்புளியால் ஒரு சீவு சீவிவிட்டுப் போகிறார். சித்திரை பிறந்ததும் அதே கதவின் ஓரத்தில் விரல் நுழையும் சந்து தெரிகிறது. உடனே குற்றப்பத்திரிகை வாசிக்கிறோம். கடைக்காரர் பச்சை மரத்தைத் தலையில் கட்டிவிட்டார். ஆசாரி கழுந்தைச் சரியாகப் பூட்டவில்லை. மரமே மட்டம். இந்த மூன்று பழியிலும் சில நேரம் உண்மை இருக்கும். ஆனால் விசாரணைக்கே வராமல் நான்காவது ஒருவர் தப்பித்துக்கொள்கிறார். மரத்தை வாங்கி, கண்ட இடத்தில் போட்டு வைத்த வீட்டுக்காரர்! கோணலில் பெரும்பங்கு அந்த இடைக்காலத்தில்தான் உண்டாகிறது, அதைத் தடுப்பது வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது என்பதே என் வாதம். அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். எதிர்க்கேள்விகளையும் நானே எழுப்பிப் பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் மரத்துக்குள் இருக்கும் தண்ணீரைப் பார்ப்போம். மரம் என்பது நீளவாக்கில் நெருக்கமாக அமைந்த நுண்குழாய்களின் கூட்டம். வெட்டிய புதிதில் அந்தக் குழாய்களின் உள்வெளியிலும் தண்ணீர் இருக்கிறது, குழாய்ச் சுவர்களுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. உள்வெளித் தண்ணீர் முதலில் வெளியேறுகிறது. அது போகப் போக மரத்தின் எடை குறையுமே தவிர, அளவு குறையாது. அது முழுவதும் தீர்ந்து, சுவர்களில் மட்டும் ஈரம் மிஞ்சும் கட்டம் ஒன்று உண்டு. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீத ஈரம். இந்த எல்லையை 1906-இல் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்க வனத்துறையில் ஆய்வு செய்த ஹாரி டைமன். நம் கதையெல்லாம் அந்த எல்லைக்குக் கீழேதான் நடக்கிறது. 30 சதவீதத்துக்குக் கீழே ஒவ்வொரு சதவீதம் இறங்கும்போதும் சுவர்கள் சுருங்குகின்றன, மரமும் சுருங்குகிறது. ஈரம் திரும்ப ஏறினால் திரும்ப உப்புகிறது. உயிர் போன பிறகும், அறுத்த பிறகும், இழைத்து வார்னிஷ் பூசிய பிறகும், சுற்றியுள்ள காற்றோடு மரம் வைத்திருக்கும் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்பதே இல்லை.

சரி, சுருங்கினால் சுருங்கட்டும். ஏன் கோண வேண்டும்? மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை என்பது முதல் காரணம். அறுத்த கட்டையின் முனையைக் குனிந்து பாருங்கள். வளையங்களின் வில் வடிவக் கோடுகள் தெரியும். அந்த வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம் மிக அதிகம். நடுமையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பெரும்பாலும் அதில் பாதி. நீளவாக்கில் மிகமிகக் குறைவு. அதிகம் சுருங்காத மரம் என்று பெயரெடுத்த தேக்கிலேயே, பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்போது வளையத் திசையில் ஏறத்தாழ 5.8 சதவீதமும், மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையில் 2.5 சதவீதமும் சுருங்குவதாக மர நூல்கள் பட்டியல் தருகின்றன. 5 அங்குல அகல நிலைக்கால் ஒன்று 30 சதவீத ஈரத்திலிருந்து 14 சதவீதத்துக்கு இறங்கினால், வளையத் திசையில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இழக்கிறது. வளையக் கோடுகள் படுத்திருக்கும் பலகையாக இருந்தால், பட்டையைப் பார்த்த முகம் குழிந்து, மையத்தைப் பார்த்த முகம் புடைக்கும். எந்தப் பலகை எந்தப் பக்கம் குழியும் என்பதை, அது காய்வதற்கு முன்பே முனையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். நல்ல ஆசாரி இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார். கையில் எடுத்ததும் முனையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

இது மரத்தோடு பிறந்தது. வீட்டுக்காரரின் பங்கு இரண்டாவது காரணத்தில் வருகிறது. ஒரே கட்டையின் இரண்டு முகங்கள் இரண்டு வேகத்தில் காய்வதுதான் அது. மாடியில் காயப்போட்ட அப்பளத்தின் ஓரம் ஏன் மேலே தூக்குகிறது? மேல்முகம் வெயில் பட்டுச் சுருங்கிவிட்டது, கீழ்முகம் துணியின் ஈரத்தில் இன்னும் அப்படியே இருக்கிறது. தரையில் கிடக்கும் மரத்துக்கும் அதே கதிதான். கணக்காகப் பார்ப்போம். 7 அடி நீளமும் 3 அங்குலத் தடிமனும் உள்ள நிலைக்கால். அதன் மேல்முகம் கீழ்முகத்தைவிட ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாகச் சுருங்கிவிட்டது என்று வையுங்கள். நடுவில் மூன்றரை மில்லிமீட்டர் வளைந்து நிற்கும். அதே ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு 1 அங்குலப் பலகையில் வந்தால், வளைவு பத்து மில்லிமீட்டரைத் தாண்டும். ஒரு மில்லிமீட்டர்! அதற்குப் பெரிய மழை எதுவும் வேண்டாம். ஒரு பக்கம் ஈர மண், மறுபக்கம் பங்குனி வெயில், சில வாரங்கள் போதும்.

இங்கே முதல் எதிர்க்கேள்வி எழும். “அந்தக் காலத்து வீட்டுக் கதவுகள் நூறு வருஷமாக ஒரு நூல்கூடக் கோணாமல் நிற்கின்றனவே! அந்த மரம் வேறு, இந்த மரம் வேறு” என்பார்கள். காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளைக் காட்டுவார்கள். பர்மாத் தேக்கு என்று பெருமூச்சு விடுவார்கள். பெருமூச்சில் நியாயம் உண்டு. முதிர்ந்த பெருமரங்கள், நடுமையத்திலிருந்து தள்ளி அறுத்த நேரான வைரம் பாய்ந்த கட்டைகள். ஆனால் அந்தத் தேக்கு எப்படி வந்தது? பர்மாக் காடுகளில் தேக்கை வெட்டிச் சாய்ப்பதற்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. காய்ந்தால்தான் மிதக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பிறகு சாய்த்து, ஆற்றில் விட்டு, துறைமுகம் சேர்த்து, கப்பலேற்றி, இங்கே அறுத்து, செதுக்கி, பொருத்துவதற்குள் இன்னும் காலம் ஓடியிருக்கும். யாரும் அவசரப்படாததால் மரம் மெல்ல மெல்ல, ஒரே சீராகக் காய்ந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் கோணிய மரம் எதுவும் இன்று நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது அன்றே அடுப்புக்குப் போயிருக்கும். நிமிர்ந்து நின்றவற்றை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காலத்து மரமெல்லாம் நிமிர்ந்தே நின்றன என்று முடிவுகட்டுவது சரியான தர்க்கமாகாது.

இரண்டாவது எதிர்க்கேள்வி இக்காலத்தது. “சூளையில் உலர்த்திய மரம்தானே வாங்கியிருக்கிறேன்? இனி அது எங்கே கிடந்தால் என்ன?” நியாயமான கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுச் சுவரின் கூடே மரச் சட்டங்களால் ஆனது. ‘இரண்டுக்கு நான்கு’ என்று பெயர் சொல்லி, 38-க்கு 89 மில்லிமீட்டர் அளவில் விற்கிறார்கள். ஈரம் 19 சதவீதத்துக்கு மேல் போகாமல் உலர்த்திய மரமா, பச்சையா என்று சட்டத்திலேயே முத்திரை குத்தியிருக்கும். நம் மரக்கடைகளில் அப்படியொரு முத்திரையைத் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஆனால் முத்திரை குத்திய சட்டத்தையே கட்டுப் பிரித்துக் கொல்லையில் போட்டுவைத்தால் அங்கும் அது முறுக்கிக்கொள்ளத்தான் செய்கிறது. காரணம் எளிது: சூளை உள்ளிருக்கும் தண்ணீரை எடுக்கிறது; தண்ணீரைத் திரும்பக் குடிக்கும் குணத்தை அதனால் எடுக்க முடியாது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக நீடித்தால் மரம் ஏறத்தாழ 9 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். காற்று 65 என்றால் மரம் 12. காற்று 80 என்றால் மரம் 16. சூளையிலிருந்து 10 சதவீதத்தில் வந்த மரத்தைச் சென்னையில் ஐப்பசி மாதம் வெளியில் போட்டால், அது உப்பித்தான் ஆகும். அதுவும் ஒரு முகம் மட்டும் உப்பும். இதனால்தான் இந்திய தர நிர்ணய விதிகள், கட்டட மரத்தில் இருக்கலாகும் ஈரத்துக்கு நாடு முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்லாமல், காற்றின் ஈரப்பதத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்துச் சொல்கின்றன. கடலூருக்குச் சரியான ஈரம், உள்நாட்டு வறண்ட ஊருக்குச் சரியாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மரம் எந்த வீட்டில் நிற்கப்போகிறதோ, அந்த ஊர்க் காற்றோடுதான் அதைப் பழக்க வேண்டும்.

பழக்குவது எப்படி? வேலை இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சிமெண்ட் பிளாக் இல்லாமல் இருக்காது. தண்ணீர் தேங்காத மேட்டுப்பகுதியில், புல்லைச் செதுக்கிவிட்டு, இரண்டு பிளாக் உயரத்துக்கு, அதாவது தரையிலிருந்து ஒன்று ஒன்றரை அடிக்குக் குறையாமல் தாங்கல் போடுங்கள். 7 அடி நிலைக்கால்களுக்கு ஐந்து இடத்தில் தாங்கல். இரு முனைகளிலும் ஒவ்வொன்று, நடுவில் மூன்று. கொத்தனாரிடம் டியூப் மட்டம் இருக்கும். அதைப் பிடித்து ஐந்து தாங்கலும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடித்தாங்கல் அரை அங்குலம் ஏறியிருந்தாலும், அந்தக் கோணலை அடுக்கு முழுவதும் படித்துக்கொள்ளும். தாங்கலின் மேல் முதல் வரிசை. கட்டைக்கும் கட்டைக்கும் இடையே இரண்டு விரல் அகலச் சந்து. அதன்மேல் குறுக்கே ரீப்பர் துண்டுகள். கைக்குக் கிடைத்த குச்சியோ, ஜல்லிக்கல்லோ, உடைந்த செங்கல்லோ கூடாது. எல்லாத் துண்டும் ஒரே தடிமன், ஒரு அங்குலம். எல்லாமே நன்றாகக் காய்ந்தவை. பச்சைச் சவுக்குக் குச்சியை வைத்தால் அது தொட்ட இடத்தில் கறை விழும், பூஞ்சையும் பிடிக்கும். இப்போது முக்கியமான விஷயம்: ரீப்பர் துண்டு கீழே உள்ள தாங்கலுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், அடுத்த வரிசைத் துண்டு அதற்கு நேர் மேலே. குண்டுநூல் விட்டால் மேலிருந்து தரைவரை ஒரே கோட்டில் இறங்க வேண்டும். ஒரு துண்டு அரை அடி தள்ளிப்போனாலும், மேலே உள்ள எடை முழுவதும் தாங்கலில்லாத இடத்தில் இறங்கி, கீழ்க்கட்டையை வளைக்கும். அடுக்கி முடித்த பிறகு உச்சியில் பாரம் வையுங்கள், அதுவும் துண்டுகளுக்கு நேராகவே. மேல்வரிசைக்கு வேறு பாரம் இல்லை. அதனால் முதலில் முறுக்கிக்கொள்வது அதுதான். கனமான கட்டைகள் அடியில், மெல்லிய பலகைகள் மேலே. மெல்லிய பலகைகளுக்குத் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நெருக்கி வையுங்கள்.

நிழலையும் காற்றையும் பற்றிச் சில வார்த்தைகள். அடுக்குக்கு மேலே கூரை வேண்டும், நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும். தகரமோ ஓலையோ, எதுவானாலும் அடுக்கின் விளிம்பைத் தாண்டி இரண்டடி நீட்டிக்கொண்டிருக்கட்டும். நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறு. நீலத் தார்ப்பாயை மரத்தின்மேல் போர்த்தி, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டி, மழையிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று நிம்மதியாகப் போகிறோம். பகலில் உள்ளே வெந்து ஆவியாகிறது. இரவில் அந்த ஆவி தார்ப்பாயின் உட்புறம் துளித்து, மரத்தின்மேலேயே சொட்டுகிறது. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு விருந்து. வெயிலை நேரடியாக வாங்கும் மரத்தின் நிலையும் நல்லதல்ல. தெற்கே ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று வெயிலைவிடக் கொடியது. முனைகள் அந்தக் காற்றை நேரே பார்த்துக் கிடந்தால், பொருத்துவதற்கு முன்பே முனையில் வெடிப்பு ஓடிவிடும். நீளவாக்குக் குழாய்கள் வாய் திறந்திருப்பது முனையில்தான். பக்கவாட்டு முகத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு மடங்கு வேகமாக ஈரம் அந்த வழியே ஓடுகிறது. வாங்கி இறக்கிய அன்றே இரு முனைகளிலும் மெழுகையோ தாரையோ கெட்டியான பெயிண்டையோ இரண்டு பூச்சு பூசுங்கள். நிலைக்காலின் முனையில் அரை அடி வெடித்தால் வெட்டி எறிய வேண்டியது அரை அடி. அதன் கன அடி விலையையும் ஒரு டப்பா பெயிண்ட் விலையையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

“கூரை போட்டுத் திறந்து வைக்கச் சொல்கிறீர்கள், திருடன் வந்தால்?” இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தேக்கு அடுக்கைத் தெருவோரத்தில் விட்டுவிட்டு யார் தூங்குவார்கள்? அதனால்தான் பலர் கட்டி முடித்த ஏதாவதொரு அறையில் மரத்தை நெருக்கி அடைத்து, தகரத்தை வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்த அறையின் நிலைமையைப் பாருங்கள். சுவரில் பூச்சு வேலை முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். தினமும் தண்ணீர் அடிக்கிறார்கள். தளத்தில் பாத்தி கட்டி நிறுத்திய தண்ணீர் கசிகிறது. சன்னல் திறப்புகளைச் சாக்கால் அடைத்தாயிற்று. ஊரிலேயே ஈரமான காற்று அந்த அறையில்தான் இருக்கும். திருடனிடமிருந்து தப்பிய மரம் அங்கே ஊறிக்கொண்டிருக்கிறது. கூரைக்கடியில் அடுக்கி, ஒரு சங்கிலியை அடுக்கின் ஊடே கோர்த்துப் பூட்டலாம். ஒவ்வொரு கட்டை முனையிலும் பெயிண்டால் அடையாளம் போடலாம். அதுவும் முடியாத இடத்தில், பணத்தைக் கொடுத்து மரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ரீப்பர் வைத்து அடுக்கித் தரும்படி கடைக்காரரிடமே விட்டுவைக்கலாம். உள்ளே வைத்தே ஆக வேண்டுமானால், பூச்சு வேலை தொடங்காத அறை, எதிரெதிரே இரண்டு திறப்புகளுக்குக் கம்பிவலை, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கு. செலவு கொஞ்சம் கூடும், அதை மறுக்கவில்லை.

இன்னொரு பழக்கம்: சுவரில் சாய்த்து வைப்பது. பத்து நாளைக்குத்தானே என்பார்கள். பத்து நாள் என்று சொல்லி வைத்த மரம், கம்பி வேலை தாமதமாகி, மணல் வராமல், ஆள் கிடைக்காமல், மூன்று மாதம் சாய்ந்து நின்ற கட்டடங்கள் நம் ஊரில் குறைவா? சாய்ந்த மரம் தன் எடையைத் தானே நடுவில் தாங்குகிறது. எடை தாங்கும் மரம் மெல்லத் தளரும். எடை தாங்கிக்கொண்டே ஈரம் ஏறி இறங்கும் மரமோ அதைவிடப் பல மடங்கு தளரும், அந்த வளைவு பெரும்பாலும் திரும்பி நிமிர்வதும் இல்லை. “கோணினால் என்ன, ஆணி அடித்து இழுத்துவிடலாம், சுவரில் கிளாம்ப் போட்டால் நிமிர்ந்துவிடும்” என்று ஒரு சமாதானம் சொல்வதுண்டு. வளைந்த நிலைக்காலை இழுத்துக் கட்டலாம், உண்மைதான். முறுக்கிக்கொண்ட காலை என்ன செய்வீர்கள்? மேல்மூலை ஒரு பக்கமும் கீழ்மூலை மறுபக்கமும் பார்க்கும் காலில் கீல் வைத்தால், கதவின் நான்கு மூலையும் ஒரேசமயம் காடியில் உட்காராது. இழைத்துச் சரிசெய்யப் போனால் 3 அங்குலம் கொடுத்து வாங்கிய மரத்தில் இரண்டரைதான் மிஞ்சும். இழுத்துப் பூட்டிய இறுக்கமும் சும்மா இருப்பதில்லை. கழுந்தின் மூட்டிலும் சுவர் பூச்சின் விளிம்பிலும் கீறலாக வெளியே வரும்.

கிராமத்துப் பெரியவர்கள் வேறொரு கேள்வி கேட்பார்கள். “நாங்கள் மரத்தைக் குளத்தில் ஊறப்போட்டுத்தான் வீடு கட்டினோம். நீங்கள் ஈரமே ஆகாது என்கிறீர்களே?” குளத்தில் ஊறப்போட்டது மிக அறிவுள்ள செயல். ஆனால் அதன் பயன் வேறு. பூச்சிகள் தேடிவருவது வெளிமரத்தில் இருக்கும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும். மாதக்கணக்கில் ஊறும்போது அவை கரைந்து வெளியேறுகின்றன, துளைக்கும் பூச்சி அண்டுவது குறைகிறது. கட்டை முழுவதும் ஒரே சீராக ஈரமாக இருப்பதால் அப்போது கோணவும் கோணாது. கோணல், கரையேற்றிய பிறகு காயும்போதுதான். அவர்கள் கரையேற்றி நிழலில் போட்டு, அடுத்த வெள்ளாமை முடியட்டும் என்று விட்டுவைத்தார்கள். நாம் ஊறவும் வைப்பதில்லை, காயவும் விடுவதில்லை.

அடுக்கி வைத்தால் எந்த மரமும் கோணாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடுமையத்தை உள்ளே வைத்து அறுத்த கட்டை, எப்படி அடுக்கினாலும் வெடிக்கப் பார்க்கும். சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்தில் ஒரு பக்க இழை மறுபக்க இழையைவிட நீளவாக்கிலேயே கூடுதலாகச் சுருங்கும். வேம்பு, வேங்கை போன்றவற்றில் இழைகள் ஒரு அடுக்கு இடமும் ஒரு அடுக்கு வலமுமாகப் பின்னி ஓடுவதால் முறுக்கும் குணம் உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெட்டிய இளந்தேக்கில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. இவற்றை வாங்கும்போதே கழிக்க வேண்டும்: கட்டையை ஒரு முனையிலிருந்து கண்ணருகே பிடித்து நீளவாக்கில் நோக்குங்கள், இழை ஓரத்தை விட்டு விலகி ஓடுகிறதா என்று பாருங்கள், முனையில் மையப்புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியும் ஒன்றிரண்டு தப்பி வரும். அடுக்கில் காயும்போது அவை தங்கள் குணத்தைக் காட்டிவிடும். காட்டட்டும்! சுவரில் பொருத்திய பிறகு காட்டுவதைவிட அடுக்கில் காட்டுவது நமக்கு லாபம். அதை வெட்டிச் சிறு சட்டங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதனால் தேவைக்கு மேல் இரண்டு கட்டை சேர்த்து வாங்குவதை நான் வீண்செலவு என்று சொல்லமாட்டேன்.

இனி வாசக்கால். நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் இட்டு, நவதானியம் வைத்து, சுவர் எழும்புவதற்கு முன்பே தலைவாசல் நிலையை நிறுத்துகிறோம். அந்த வழக்கத்தை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து அந்த நிலை என்ன பாடுபடுகிறது என்று நினைத்துப் பாருங்கள். இருபுறமும் ஈரக் கலவை. தினமும் காலையும் மாலையும் சுவருக்கு அடிக்கும் தண்ணீர் அதன்மேலும் விழுகிறது. வெயிலும் மழையும் கூரையில்லாமல் வாங்குகிறது. இதுவும் சேமிப்புக் காலம்தான். மரம் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவே வேறுபாடு. எனவே நிறுத்துவதற்கு முன், கலவையைத் தொடும் பக்கங்களுக்கும் கால்களின் அடிமுனைகளுக்கும் தார்ப் பூச்சு கட்டாயம். வெளியே தெரியும் முகத்துக்கு மட்டும் பிரைமர் அடித்துவிட்டுச் சுவர்ப் பக்கத்தை வெறுமையாக விட்டால், ஒரு பக்கம் குடிக்கிறது, மறுபக்கம் மூடியிருக்கிறது. வளைவதற்கு நாமே வழி செய்து கொடுத்தாயிற்று. காலுக்குக் கால் நடுவிலும் அடியிலும் குறுக்குச் சட்டம், மூலையில் சாய்வுச் சட்டம் அடித்து, கதவு மாட்டும் நாள்வரை எடுக்காதீர்கள். வெயில் படும் முகத்துக்கு ஓலைத் தடுக்கு கட்டுங்கள். கதவையும் மற்ற நிலைகளையும் மட்டும் பூச்சு வேலை முடிந்து, சுவர் காய்ந்த பிறகே கொண்டுவாருங்கள். கதவு மாட்டிய பிறகு அதன் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் பூச்சு உண்டா என்று தடவிப் பாருங்கள். பெயிண்டர் பெரும்பாலும் விட்டுவிடும் இடம் அது.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: எத்தனை நாள் காயவேண்டும்? ஒரே பதில் இல்லை. தடிமன் இரட்டித்தால் காலம் இரட்டிப்பதோடு நிற்காது, அதற்கு மேலும் கூடும். 1 அங்குலப் பலகை சில மாதங்களில் அடங்கிவிடும் இடத்தில், 3 அங்குல நிலைக்கால் அடுத்த ஆண்டையும் கேட்கலாம். அடித்தளம் தோண்டும்போதே மரத்தை வாங்கி அடுக்குவது நல்லது. தளம் போட்ட பிறகு ஓடினால் பச்சை மரம்தான் சுவரில் ஏறும். நாளை எண்ணாமல் எடையை எண்ணுங்கள். அடுக்கும் நாளில் அதே மரத்தில் இரண்டடித் துண்டு ஒன்றை வெட்டி, இரு முனைக்கும் பெயிண்ட் பூசி, காய்கறித் தராசில் எடை போட்டு, அந்த எடையையும் தேதியையும் துண்டின்மேலேயே எழுதி, அடுக்கின் நடு வரிசையில் செருகிவையுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை உருவி எடை போட்டு, பழைய எண்ணுக்குக் கீழே புதிய எண்ணை எழுதுங்கள். முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு மெதுவாக, பிறகு மூன்று நான்கு தடவை போட்டாலும் எண் மாறாது. அப்போது ஆசாரியைக் கூப்பிடுங்கள்.